இடுப்பில் எதைக் கட்டுவது? பாறை ஏறுபவர்களின் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஹார்னஸ் பற்றித்தான், அதாவது ஏறுபவரைக் கயிற்றோடு பிணைக்கிற இடுப்பு, தொடைப் பட்டை பற்றி. அதனால் மற்றதை எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: மான்செஸ்டரில் வேலை பார்க்கிறேன். உள்ளரங்கச் சுவரில் ஏறிப் பழகிவிட்டு, இப்போது நண்பர்களோடு ஸ்டேனேஜ் பாறைப் பக்கம் போய் ட்ராட் ஏறத் தொடங்கியிருக்கிறேன். இனி வாடகை ஹார்னஸ் சரிப்படாது, சொந்தமாக வாங்க வேண்டும். கடையில் 270 கிராமில் ஒன்று, 500 கிராமில் ஒன்று காட்டினார்கள். லேசானது இரண்டு மடங்கு விலை. அடுத்த கோடையில் வேல்ஸ் மலைகளுக்குப் போகிற திட்டமும் இருக்கிறது. எடையும் குறைவாக இருக்க வேண்டும், தொங்கினால் வலிக்கவும் கூடாது. எதை வாங்குவது? *(மான்செஸ்டர் வாசகர்)*

பதில்: ட்ராட் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காக முதலில் ஒரு வரி. பாறையில் முன்கூட்டியே அடித்து வைத்த போல்ட் இருக்காது. முதலில் ஏறுபவர் விரிசல் கிடைக்கிற இடத்தில் நட் (உலோக ஆப்பு), கேம் (விரிசலில் விரிந்து பிடிக்கிற ஸ்பிரிங் கருவி) என்று தானே சொருகி அதில் கயிற்றை மாட்டிக்கொண்டே மேலே போவார், பின்னால் வருபவர் அதையெல்லாம் கழற்றிக்கொண்டு வருவார். ஸ்டேனேஜ் மாதிரியான கிரிட்ஸ்டோன் (சொரசொரப்பான மணற்கல்) பாறைகளில் போல்ட் அடிக்கிற பேச்சுக்கே இடமில்லை. ஆக, வேண்டிய சாமான் அத்தனையும் உங்கள் இடுப்பில்தான் தொங்கப் போகிறது.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஒரு செட் கேம், ஒரு செட் நட், பத்துப் பன்னிரண்டு க்விக்டிரா (கயிற்றை மாட்டுகிற இரட்டைக் கொக்கி), நீளமான ஸ்லிங்குகள் (நாடா வளையங்கள்), பிலே கருவி (கூட்டாளியின் கயிற்றைப் பிடித்து நிறுத்துவது), லாக் காராபினர்கள் (பூட்டுகிற கொக்கிகள்) என்று சேர்த்தால் நான்கைந்து கிலோ சாதாரணமாக வந்துவிடும். கடையில் காட்டிய இரண்டு ஹார்னஸுக்கும் வித்தியாசம் 230 கிராம், அதாவது ஒரு டம்ளர் தண்ணீர். அந்தப் பாதைக்குத் தேவைப்படாத பெரிய கேம் ஒன்றைக் கீழேயே வைத்துவிட்டுப் போனால் கிட்டத்தட்ட அதே எடை காசு செலவில்லாமல் குறைந்துவிடும். எடைக்காக மட்டும் இரட்டை விலை கொடுக்காதீர்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

லேசான ஹார்னஸால் லாபமே இல்லையா என்றால், இருக்கிறது. இடுப்பில் கட்டியிருப்பதே தெரியாது, காலை உயரத் தூக்கி வைக்கும்போது எதுவும் தடுக்காது, சுருட்டினால் ஹெல்மெட்டுக்குள் அடங்கிவிடும். பலம் குறையுமோ என்ற பயமும் வேண்டாம். ஐரோப்பாவில் விற்கும் எந்த ஏறும் ஹார்னஸும் ஈஎன் 12277 தரச் சோதனையைத் தாண்டித்தான் வர வேண்டும், அதில் இடுப்பு ஹார்னஸ் 15 கிலோநியூட்டன் இழுவையைத் தாங்கியாக வேண்டும். கிட்டத்தட்ட ஒன்றரை டன். 270 கிராமுக்கும் அதே சோதனைதான், 500 கிராமுக்கும் அதே சோதனைதான். நீங்கள் விழும்போது உங்கள் இடுப்புக்கு வருகிற விசை பொதுவாக அதில் பாதியைக்கூடத் தொடாது. எடை குறையும்போது நீங்கள் இழப்பது இரண்டு விஷயம்: எத்தனை காலம் உழைக்கும் என்பதும், எவ்வளவு நேரம் அதில் தொங்க முடியும் என்பதும். கிரிட்ஸ்டோன் தோலையே உரித்துவிடும், மெல்லிய துணியைச் சும்மா விடுமா? அகலமான விரிசலுக்குள் உடம்பைச் சொருகி, முதுகைத் தேய்த்துத் தேய்த்து ஏறுகிற பாதைகள் உங்களுக்குப் பிடிக்கும் என்றால் மெல்லிய ஹார்னஸ் சீக்கிரமே நூல் பிரியும்.

சரி, எவ்வளவு நேரம் தொங்குவீர்கள்? இதுதான் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, கடைக்காரர் இதைக் கேட்காமல் நேராக விலைக்கு வந்தால் அடுத்த கடைக்குப் போகலாம். ஸ்டேனேஜில் பாறை ஆறு கிலோமீட்டர் நீளம் ஓடினாலும் உயரம் இருபது இருபத்தைந்து மீட்டரைத் தாண்டாது. ஏறி முடித்ததும் மேலே புல்லில் உட்கார்ந்துதான் கூட்டாளிக்குக் கயிறு பிடிப்பீர்கள். ஹார்னஸில் முழு எடையும் இறங்குவது எப்போதாவது விழுந்தால்தான். லான்பெரிஸ் கணவாய், ட்ரைஃபன் போன்ற வேல்ஸ் மலைப் பாதைகளில் நாள் முழுக்கக் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும், ஆனால் பெரும்பாலும் நிற்கத் திட்டு கிடைக்கும். கோகார்த் கடல் பாறைக்குப் போனால் கதையே வேறு: மேலிருந்து கயிற்றில் இறங்கி, அலைக்கு மேலே கால் வைக்க இடமே இல்லாமல், முழு எடையையும் ஹார்னஸில் போட்டு அரை மணி நேரம் தொங்க வேண்டி வரலாம். அங்கே மெல்லிய ஹார்னஸ் போட்டவரை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம்.

உங்கள் திட்டத்துக்கு என் பரிந்துரை நடுவில் இருக்கிறது, 350 முதல் 450 கிராம் வரை. பெட்ஸ்ல் ஸிட்டா போன்ற 270 கிராம் ரகம் அருமையான பொருள், அதில் குறையில்லை, ஆனால் முதல் ட்ராட் ஹார்னஸாக அதை வாங்கச் சொல்ல மாட்டேன். அதே நிறுவனத்தின் அட்ஜாமா அரை கிலோவை ஒட்டி வரும்; தொடைப் பட்டையைக் கூட்டிக் குறைக்கலாம், நீண்ட நாள் உழைக்கும். குளிர்காலத்தில் தடித்த கால்சட்டைக்கு மேல் போட வேண்டியிருக்கும் என்றால் அந்த ரகமே சரி. கோடையில் மட்டும் ஏறுவேன், தொடையும் பட்டைக்குக் கச்சிதமாக இருக்கிறது என்றால் பக்கிள் இல்லாத, எலாஸ்டிக் வைத்த தொடைப் பட்டை போதும், அதிலேயே கொஞ்சம் எடை குறைந்துவிடும்.

எடைக்கும் பட்டைக்குள் வைத்த பஞ்சுக்கும் அப்புறம் பெரும்பாலானவர்கள் கவனிக்காமல் விடுவது கியர் லூப்பை, அதாவது சாமான் மாட்டுகிற வளையங்களை. என்னைக் கேட்டால் ட்ராட் ஹார்னஸில் பாதி மதிப்பு அதில்தான் இருக்கிறது. குறைந்தது நான்கு வேண்டும். முன்னால் இருக்கிற இரண்டும் விறைப்பாக, வெளியே துருத்திக்கொண்டு இருக்க வேண்டும். ஒரு கையால் பாறையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பார்க்காமலே கேமை எடுக்கவும் திரும்ப மாட்டவும் அதுதான் உதவும். துவண்டு கிடக்கிற வளையத்தில் காராபினரைத் திரும்ப மாட்ட முயன்றவர்களுக்கு நான் சொல்வது புரியும். பின்னால் இருப்பவை மென்மையாக இருந்தால் நல்லது, பை மாட்டும்போது இடுப்பில் குத்தாது. நடு முதுகுக்கு நேராக ஐந்தாவதாக ஒரு சின்ன வளையம் இருந்தால் செருப்பு, தண்ணீர் பாட்டில், இரண்டாவது கயிறு எதையாவது மாட்டிக்கொள்ளலாம். கடைக்கு உங்கள் கேம்களையும் நட்டுகளையும் கொண்டுபோய் அத்தனையையும் மாட்டிப் பாருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. சாமான் மாட்டியதும் பட்டை சரிந்து இடுப்பு எலும்புக்குக் கீழே வந்துவிட்டால் அந்த ஹார்னஸ் உங்களுக்கானது இல்லை.

கடைசியாக, தொங்கிப் பார்க்காமல் வாங்காதீர்கள். நல்ல கடைகளில் இதற்கென்றே மேலே ஒரு கயிறு கட்டி வைத்திருப்பார்கள். அரை நிமிஷம் ஆடிவிட்டு இறங்குவதில் பிரயோஜனமில்லை, ஐந்து நிமிஷமாவது தொங்க வேண்டும், பேச்சுக் கொடுத்துக்கொண்டே தொங்குங்கள். முதல் நிமிஷத்தில் எல்லா ஹார்னஸும் சுகமாகத்தான் இருக்கும். நான்காவது நிமிஷத்தில் தொடை மரத்துப்போகிறதா, பட்டையின் ஓரம் விலாவில் ஏறுகிறதா என்று தெரிந்துவிடும்.

கேள்வி: பஞ்சு தடிமனாக இருந்தால்தானே வசதி? மெல்லிய பட்டை வைத்த ஹார்னஸை ஏன் அதிக விலைக்கு விற்கிறார்கள்? *(கோவை வாசகர்)*

பதில்: பார்த்தால் அப்படித்தான் தோன்றும். பழைய பாணி ஹார்னஸில் உள்ளே ஒரே ஒரு நாடா ஓடும், அதைச் சுற்றிப் பஞ்சு வைத்துத் தைத்திருப்பார்கள். நீங்கள் தொங்கும்போது எடை முழுவதும் அந்த ஒற்றை நாடாவில் இறங்கும், பஞ்சு அமுங்கிப்போகும், கொஞ்ச நேரத்தில் நாடா இருக்கிற இடம் மட்டும் கோடு போட்ட மாதிரி வலிக்கும். பட்டை நான்கு விரல் அகலம் இருந்தாலும் வேலை செய்வது அதில் ஒரு விரல் அகலம்தான்.

புதிய வடிவங்களில் இந்த எடையைப் பட்டையின் முழு அகலத்துக்கும் பரப்பிவிடுகிறார்கள். சிலர் நாடாவை இரண்டாகப் பிரித்து மேல் ஓரத்தில் ஒன்று, கீழ் ஓரத்தில் ஒன்று என்று ஓட்டுகிறார்கள். ஆர்க்டெரிக்ஸ் நிறுவனம் நாடாவின் குறுக்கு நூல்களை உருவிவிட்டு, நீள நூல்களை மட்டும் அகலமாகப் பரப்பி வைத்தது. (அவர்கள் ஒரு மாடலுக்கு ஏஆர்-395ஏ என்று பெயர் வைத்தார்கள், 395 என்பது கிராம் எடை. இப்படிப் பெயரிலேயே உண்மையைச் சொல்லிவிட்டால் நமக்கு வேலை மிச்சம்.) மேலே சொன்ன ஸிட்டாவில் டைனீமா என்ற பலமான செயற்கை இழை வகையைச் சேர்ந்த மெல்லிய இழைகள் பட்டை முழுக்கப் பக்கம் பக்கமாக ஓடும். அதனால்தான் மெலிதாக இருந்தும் அது தாங்குகிறது, அதனால்தான் விலையும். இன்னொரு லாபம், பஞ்சு குறைந்தால் வியர்வையும் குறைவாகத்தான் ஊறும்.

அதற்காகத் தடித்த பட்டைக்கு வேலையே இல்லை என்று அர்த்தமில்லை. அமெரிக்காவின் யோசெமிட்டியில் எல் கேப்பிடன் மாதிரி பல நாள் எடுக்கிற பாறைச் சுவர் ஏறுபவர்கள் அரை கிலோவுக்கு மேல் கனக்கிற, அகலமான ஹார்னஸைத்தான் கட்டுகிறார்கள், அவர்கள் அதிலேயே வாழ்கிறார்கள்.

இந்த வசதிப் பேச்செல்லாம் ரொம்பப் பழையதும் இல்லை. ஒரு காலத்தில் கயிற்றை நேராக இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டுத்தான் ஏறினார்கள், விழுந்து அந்தரத்தில் தொங்கினால் சில நிமிஷங்களில் மூச்சுவிடவே திணற வேண்டும். 1970இல் அன்னபூர்ணா தெற்கு முகத்துக்குப் போன பிரிட்டிஷ் குழுவுக்காக மலையேறுபவர் டான் வில்லன்ஸ் வடிவமைத்த ஹார்னஸ்தான், பிறகு கடைகளில் பரவலாக விற்று, உட்கார்கிற மாதிரி தொடையையும் சேர்த்துத் தாங்குகிற பழக்கத்தைக் கொண்டுவந்தது. அதைப் போட்டவர்கள் அதன் வசதியைப் பற்றிச் சொன்னவற்றில் சிலது அச்சில் போடத் தகாதவை.

கேள்வி: பெங்களூருவில் இருக்கிறேன், ராமநகராவிலும் சாவனதுர்காவிலும் ஏறுகிறேன். பெண்களுக்கான ஹார்னஸ் என்று தனியாக விற்கிறார்களே, நிறத்தைத் தவிர ஏதாவது வித்தியாசம் இருக்கிறதா? இங்கே கடைகளில் போட்டுப் பார்க்க வாய்ப்பு குறைவு, ஆன்லைனில்தான் வாங்க வேண்டும். *(பெங்களூரு வாசகி)*

பதில்: நிறம் மாற்றி விலை ஏற்றுவதும் நடக்கிறது, ஆனால் ஒழுங்கான நிறுவனங்களில் அளவே வேறு. முக்கியமாக இடுப்புப் பட்டைக்கும் தொடைப் பட்டைக்கும் இடையே இருக்கிற உயரம் பெண்கள் மாடலில் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். அது உங்கள் உடம்புக்குக் குறைந்தால் தொடைப் பட்டை இடுப்புப் பட்டையைக் கீழே இழுக்கும், கூடினால் தொங்கும்போது பின்பக்கமாகச் சாய்வீர்கள். இடுப்புக்கும் தொடைக்கும் உள்ள அளவு விகிதமும் வேறாக வைத்திருப்பார்கள். இருந்தாலும் பெண்கள் மாடல்தான் பொருந்தும் என்று விதி ஒன்றும் இல்லை. ஆண்கள் மாடல் கச்சிதமாக இருக்கிற பெண்களும் இருக்கிறார்கள், பெண்கள் மாடலில் சுகம் கண்ட ஆண்களும் இருக்கிறார்கள், வெளியே சொல்வதில்லை அவ்வளவுதான்.

ஆன்லைனில் வாங்குவதென்றால், பேன்ட் சைஸை நம்பாதீர்கள். டேப்பை இடுப்பு எலும்புக்கு மேலே, ஹார்னஸ் நிற்கிற இடத்தில் வைத்து அளந்து பாருங்கள். வருகிற அளவு அந்த சைஸின் நடுவில் விழ வேண்டும். இரண்டு சைஸுக்கு நடுவே மாட்டிக்கொண்டால், இடுப்பில் இரண்டு பக்கமும் பக்கிள் வைத்த மாடலாகத் தேடுங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இழுக்கலாம், பிலே லூப் (பிலே கருவியை மாட்டுகிற முன் வளையம்) நடுவில் நிற்கும், கியர் லூப்கள் ஒருபக்கமாக நகராது. பார்சல் வந்ததும் டேக்கை வெட்டாமல் போட்டுப் பாருங்கள். பட்டையை இறுக்கியபின் கீழ்நோக்கி அழுத்தினால் இடுப்பு எலும்பைத் தாண்டி இறங்கக் கூடாது. உள்ளே தட்டையாக ஒரு கை போக வேண்டும். பக்கிளுக்கு வெளியே எட்டு சென்டிமீட்டராவது நாடா மிச்சம் இருக்க வேண்டும். பக்கத்தில் இருக்கிற ஏறும் சுவரில் அனுமதி கேட்டு, சுத்தமான கயிற்றில் தொங்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம், திருப்பி அனுப்புகிற நாள் கடந்துவிடாமல்.

உங்கள் ஊர்ப் பாறைக்கு வருவோம். சாவனதுர்கா சரிவான கிரானைட், நீளமான பாதைகள், அங்கே காலில்தான் நிற்கிறீர்கள், இடுப்பைவிடக் கால் விரல் முதலில் அழும். போல்ட்டும் அங்கொன்றும் இங்கொன்றும்தான். அதற்கு லேசான, காற்றோட்டமான ஹார்னஸ் நல்ல தேர்வு. வெயில் ஏறிவிட்டால் தடித்த பஞ்சு வைத்தது நனைந்த துணி மாதிரி ஒட்டிக்கொள்ளும். இன்னொன்று, யாரும் கேட்கத் தயங்குகிற விஷயம்: தொடைப் பட்டையைப் பின்பக்கம் பிடித்திருக்கிற எலாஸ்டிக்கில் சுலபமாகக் கழற்றுகிற கொக்கி இருக்கிறதா என்று பாருங்கள். நாள் முழுக்கப் பாறையில் இருக்கும்போது, இடுப்புப் பட்டையையும் கயிற்று முடிச்சையும் அவிழ்க்காமலே சிறுநீர் கழிக்க அது வேண்டும். ஐந்தாறு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் சமாளிப்பதற்கு அது எவ்வளவோ மேல்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. சேஃப்டி ஹார்னஸ் என்று ஆன்லைனில் தேடினால் கட்டட வேலைக்கான பெல்ட்டுகளும் சேர்ந்தே வரும், விலை பாதிகூட இருக்காது. ஐஎஸ் 3521, ஈஎன் 361 என்று போட்டிருந்தால் அது கட்டடத்துக்கு, பாறைக்கு இல்லை. அவை மட்டமான சாமான் என்பதால் சொல்லவில்லை, அவை வேறு விதமான விழுதலுக்குச் செய்யப்பட்டவை, கயிறு மாட்டுகிற இடமே வேறு. ஈஎன் 12277 அல்லது யுஐஏஏ (சர்வதேச மலையேற்றக் கூட்டமைப்பு) முத்திரையைத் தேடுங்கள்.

கேள்வி: அண்ணன் ஒருவர் ஏறுவதை விட்டுவிட்டார், தன் ஹார்னஸை எனக்குத் தருகிறேன் என்கிறார். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. வாங்கிக்கொள்ளலாமா? *(சிங்கப்பூர் வாசகர்)*

பதில்: எத்தனை வருஷப் பழசு, எங்கே கிடந்தது, எத்தனை முறை பெரிதாக விழுந்தார் என்று அவரால் சொல்ல முடியுமா? முடியாது என்றால் நன்றி சொல்லிவிட்டு வேண்டாம் என்றுவிடுங்கள். நைலான் பயன்படுத்தாமல் கிடந்தாலும் வயதாகும். பல நிறுவனங்கள் அதிகபட்சம் பத்து வருஷம் என்கின்றன, வாராவாரம் ஏறுபவர்களுக்கு இரண்டு மூன்று வருஷத்திலேயே மாற்ற வேண்டி வரும். கார் டிக்கியில் பேட்டரி பக்கத்தில் கிடந்து ஆசிட் பட்ட ஹார்னஸ் பார்வைக்கு நல்லதாகவே தோன்றும், ஆனால் இழுத்தால் காகிதம் மாதிரி கிழியும்.

டாட் ஸ்கின்னர் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1988இல் பால் பியானாவோடு எல் கேப்பிடனில் சலாதே சுவரைக் கைகால் பலத்திலேயே ஏறி முடித்தவர். 2006 அக்டோபரில் யோசெமிட்டியில் லீனிங் டவரிலிருந்து கயிற்றில் இறங்கும்போது தேய்ந்துபோன பிலே லூப் அறுந்து இறந்தார். லூப் தேய்ந்திருப்பது அவருக்குத் தெரியும், புது ஹார்னஸுக்கு ஆர்டரும் கொடுத்திருந்தார். ஆகவே உங்கள் ஹார்னஸிலும் பிலே லூப்பையும், கயிறு கட்டுகிற மேல் கீழ் வளையங்கள் இரண்டையும் ஒவ்வொரு முறை கட்டும்போதும் விரலால் தடவிப் பாருங்கள். கீழ் வளையம்தான் பொதுவாக முதலில் தேயும். சில மாடல்களில் உள்ளே வேறு நிறத்தில் நூல் வைத்திருப்பார்கள், அது வெளியே தெரிந்தால் அன்றோடு சரி, வெட்டிக் குப்பையில் போடுங்கள். முழுசாகப் போட்டால் யாராவது எடுத்துக் கட்டிக்கொள்வார்கள்.

கேள்வி: இப்போதெல்லாம் பக்கிள் தானாகவே லாக் ஆகிவிடுகிறதே, கூட்டாளி சரிபார்ப்பது இன்னும் அவசியமா?

பதில்: நாடா ஏற்கனவே கோர்க்கப்பட்ட பக்கிளில் திருப்பிக் கோர்க்க மறந்துபோகிற ஆபத்து இல்லை, அந்தவரை நல்லது. ஆனால் முடிச்சைப் பக்கிள் போட்டுத் தராது. 1989இல் பிரான்ஸில் பியூ என்ற இடத்தில் அமெரிக்க வீராங்கனை லின் ஹில் முடிச்சை முழுதாகப் போடாமலே ஏறி, மேலே போய் கயிற்றில் சாய்ந்ததும் இருபது மீட்டருக்கும் மேலிருந்து விழுந்தார். மரக்கிளை தடுத்ததால் பிழைத்தார். நான்கு வருஷம் கழித்து எல் கேப்பிடனின் நோஸ் பாதையை ஃப்ரீயாக, அதாவது கைகால் பலத்திலேயே, முதன்முதலில் ஏறியதும் அவர்தான். அந்தத் தரத்தில் இருப்பவருக்கே மறக்கும்.

கேள்வி: திட்டில் நிற்கும்போது அவசரத்துக்குக் கியர் லூப்பில் என்னை மாட்டிக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. பல ஹார்னஸ்களில் அது ஐந்து முதல் பத்து கிலோ தாங்கத்தான் செய்யப்பட்டது. மெடோலியஸ் சேஃப் டெக் வரிசையில் 10 கிலோநியூட்டன் தாங்குகிற கியர் லூப் உண்டு, ஆனால் அந்தப் பழக்கம் கைக்கு வந்துவிட்டால் வேறு ஹார்னஸ் கட்டும் நாளிலும் கை அங்கேதான் போகும்.

கேள்வி: சாமானையெல்லாம் தோளில் ஒரு ஸ்லிங்கில் மாட்டிக்கொண்டால் லேசான ஹார்னஸே போதுமே?

பதில்: போதும்தான். சில பாதைகளுக்கு அதுவே நல்லது: உடம்பைச் சொருகுகிற அகல விரிசலில் இடுப்பில் இருந்தால் எல்லாம் இடிக்கும், தோளில் இருந்தால் ஒரு பக்கமிருந்து மறு பக்கத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். மாறி மாறி முன்னால் ஏறுபவர்களுக்குத் திட்டில் சாமானை மொத்தமாகக் கைமாற்றுவதும் சுலபம். ஆனால் சரிவான பாறையில் அது முன்னால் வந்து காலை மறைக்கும், தொங்குபாறையில் பின்னால் போய் உங்களையும் சேர்த்து இழுக்கும். நான் பெரிய கேம்களையும் நீள ஸ்லிங்குகளையும் மட்டும் தோளில் போட்டுக்கொண்டு, மற்றதை இடுப்பில் மாட்டுகிறேன், நட்டுகள் வலது முன் வளையத்தில், சின்ன கேம்கள் இடது முன் வளையத்தில். நீங்கள் இடது கைக்காரர் என்றால் மாற்றிக்கொள்ளுங்கள், ஆனால் ஒரு முறை வைத்த இடத்தை மாற்றாதீர்கள்.